காரிமங்கலம் சாலைக் களிக் கடை: நான்கு மணிப் பசியை வைத்து ஒரு மதிப்புரை

உணவகங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கை கழுவி எழும் நேரத்தோடு தம் மதிப்பீட்டை முடித்துக்கொள்கிறார்கள். சுவை எப்படி, அளவு போதுமா, இடம் சுத்தமா, கொடுத்த காசுக்குத் தகுமா என்பவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் மதியச் சாப்பாட்டைப் பொறுத்தவரை இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு வயிறு என்ன சொல்கிறது? ஒரு மணிக்கு மூக்குப்பிடிக்க உண்டவரை நான்கு மணிக்கு டீக்கடை போண்டாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற சாப்பாட்டை நல்ல சாப்பாடு என்று என்னால் ஏற்க முடியவில்லை. மேல்நிலை வகுப்புகளில் விலங்கியல் நடத்துபவன் என்ற முறையில், பசியும் நிறைவும் உடலுக்குள் எப்படி உண்டாகின்றன என்பதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். அந்தப் பாடத்தைத் தட்டில் வைத்துக் காட்டுகிற ஒரு கடை நம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையே, சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய சேவைச் சாலையில், தகரக் கூரையின் கீழ் இயங்கும் சிறிய கடை அது. பெயர்ப் பலகை கிடையாது. களிக் கடை என்று கேட்டால் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரே கை காட்டிவிடுவார். நடத்துபவர் அறுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா. அடுப்படியில் அவரும் மருமகளும், பரிமாற ஒரு பையனும் இருக்கிறார்கள். ஓர் உருண்டை கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கொள்ளு அல்லது மொச்சைக் குழம்பு, ஒரு குவளை மோர் ஆகியவை சேர்ந்து 70 ரூபாய். அவித்த முட்டைக்குத் தனி விலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டுக்கோழிக் குழம்பும் உண்டு.

கடை பகல் பன்னிரண்டரைக்குத்தான் பரிமாறத் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன்னரே பெஞ்சுகள் நிரம்பிவிடுகின்றன என்பதைக் கவனித்தால் பசியின் முதல் இயல்பு புரியும். இரைப்பையின் மேற்பகுதியில் உள்ள சில சுரப்பு உயிரணுக்கள் கிரெலின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. 1999-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 28 அமினோ அமிலங்களாலான இச்சிறு மூலக்கூறு, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் பசியைத் தூண்டும் நரம்பணுக்களை எழுப்பிவிடுகிறது. இதன் அளவு சாப்பாட்டுக்கு முன் உயர்ந்து, உண்ட பின் தாழ்கிறது. வயிறு காலியாக இருப்பது மட்டுமே இதற்குக் காரணம் அன்று. நாள்தோறும் உண்டு பழகிய நேரம் நெருங்கும்போதும் இது ஏறுகிறது. அந்த நேரத்தைத் தாண்டிச் சிறிது பொறுத்தால், எதுவும் உண்ணாமலேயே பசி ஓரளவு தணிவதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். ஆகவே கடை தினமும் ஒரே நேரத்தில் திறப்பதை நான் ஒரு சிறப்பாகவே கருதுகிறேன். வாடிக்கையாளர்களின் வயிறு அந்த நேரத்துக்குத் தயாராக வருகிறது.

இனிக் களிக்கு வருகிறேன். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது முதலில் ஒரு பிடி அரிசி நொய்யைப் போட்டு வேகவிடுகிறார்கள். நொய் மலர்ந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, நடுவில் குழி செய்து, மூடி வைத்துப் பொறுமையாக வேகவிட்டு, பிறகு கட்டையால் அழுத்திக் கிண்டுகிறார்கள். மாவுக்கட்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஈரம் தொட்ட கையால் உருட்டித் தட்டில் வைக்கும்போது உருண்டையின் மேற்பரப்பு எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிறது. ஆவி அடங்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. இந்த நிமிடங்களில்தான் இக்கடையின் சிறப்பு இருக்கிறது. களியோடு கீரையையும் கொள்ளையும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டு, அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் சொல்கிறார்: “மொதல்ல கீரையத் தின்னு கண்ணு, களி ஆறட்டும்.” கை சுடாமல் இருப்பதற்காக அவர் சொல்லும் சொல்தான் இது. ஆனால், காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுப் பொருளைக் கடைசியில் உண்டால், அதே உணவைத் தலைகீழான வரிசையில் உண்பதைவிட இரத்தச் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று 2015-இல் நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அந்த வரிசை இங்கே எந்த அறிவுரைப் பலகையும் இல்லாமல் இயல்பாக நடந்துவிடுகிறது.

தட்டில் இருப்பவை உள்ளே போன பிறகு நிறைவு எப்படி வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தச் சாப்பாட்டின் தரத்தை நான் அதை வைத்தே அளக்கிறேன். இரைப்பை விரிவடைந்ததும் வேகஸ் நரம்பு அச்செய்தியை மூளைத்தண்டுக்குக் கொண்டுசெல்கிறது. இது முதற்கட்ட நிறைவு. வெறும் தண்ணீரைக் குடித்தாலும் இவ்வளவு கிடைக்கும், ஆனால் நிலைக்காது. உணவு முன்சிறுகுடலுக்குள் இறங்கத் தொடங்கியதும், அதிலுள்ள கொழுப்பும் புரதமும் அங்குள்ள உயிரணுக்களைத் தூண்டிக் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கின்றன. பித்தப்பையைச் சுருங்கச் செய்வது என்ற அளவில் 1928-லேயே அறியப்பட்டிருந்த இந்த ஹார்மோன், உண்ணும் அளவையும் குறைக்கிறது என்று 1973-இல் எலிகளில் கண்டறியப்பட்டது. இது இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணிக்கிறது. போதும் என்ற உணர்வை வேகஸ் நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகிறது. கொள்ளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். அதோடு தாளித்த கடலை எண்ணெயும் சேரும்போது இந்தச் சமிக்ஞைக்கு வேண்டிய இரண்டுமே தட்டில் இருக்கின்றன. வெறும் களியும் மிளகாய்ச் சட்டினியும் மட்டும் உண்டு எழுபவருக்கு இது இவ்வளவு கிடைக்காது.

அடுத்த கட்டம் குடலின் கடைப்பகுதியில் நிகழ்கிறது. அங்குள்ள எல் வகை உயிரணுக்கள் பெப்டைடு ஒய்ஒய், ஜிஎல்பி-1 என்ற இரண்டு ஹார்மோன்களை வெளியிடுகின்றன. பின்னது, இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவதோடு பசியையும் தணிக்கிறது. இவை முழு அளவை எட்டுவதற்கு நேரம் வேண்டும். இருபது நிமிடம் ஆகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆளுக்கும் உணவுக்கும் ஏற்ப அது மாறும். ஏதென்ஸ் நகரில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆட்களுக்கு ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒரு நாள் ஐந்து நிமிடத்திலும், இன்னொரு நாள் முப்பது நிமிடத்திலும் உண்ணக் கொடுத்தார்கள். மெதுவாக உண்ட நாளில் இவ்விரு ஹார்மோன்களும் கூடுதலாகச் சுரந்தன. உணவு அதேதான், வேகம் மட்டுமே வேறு.

இந்த இடத்தில் கடையின் மீது எனக்குள்ள முதல் குறையைச் சொல்கிறேன். களியை மெல்லும் வழக்கம் நமக்கு இல்லை. சிறு கவளமாகப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, வழுக்கிச் செல்லும்படி விழுங்குவதே முறை. மென்றால் பல்லில் ஒட்டும். அதனால் களி இயல்பாகவே வேகமாக இறங்கக்கூடிய உணவு. பன்னிரண்டே முக்காலுக்குப் போனால் அந்த அம்மாவின் “ஆறட்டும்” என்ற சொல்லே நம்மை நிதானப்படுத்துகிறது. ஒன்றேகாலுக்குப் போனால் நிலைமை வேறு. பெஞ்சின் பின்னால் அடுத்தவர் நிற்கிறார். முன்கூட்டியே உருட்டி வைத்த, ஆறிய உருண்டை தட்டுக்கு வருகிறது. கீரையும் குழம்பும் களியின் மேலேயே ஊற்றப்படுகின்றன. ஏழெட்டு நிமிடத்தில் உண்டு எழுந்துவிட நேரிடுகிறது. நிறைவுச் செய்தி மூளைக்குச் சேரும் முன்னரே பரிமாறும் பையன், “அண்ணா, இன்னொரு உருண்டை வைக்கட்டுமா?” என்று கேட்டுவிடுகிறான், நாமும் தலையாட்டிவிடுகிறோம். இரண்டாவது உருண்டையைக் கேட்பதற்கு முன் மோரைக் கொடுத்து ஐந்து நிமிடம் விட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். இதனால் கடைக்கு விற்பனை குறையலாம். இருந்தாலும் வாசகர்களுக்கு என் அறிவுரை, நெரிசலுக்கு முன்போ இரண்டு மணிக்குப் பின்போ செல்லுங்கள் என்பதே.

நான்கு மணிப் பசிக்கு வருவோம். நிதானமாக உண்ட நாட்களில், ஒரே உருண்டையோடு எழுந்தும், ஆறு மணி வரை எனக்கு உணவு நினைவே வருவதில்லை. இதே சாலையில் பரோட்டாவோ, பொரியல் குறைந்த அளவில்லாச் சாப்பாடோ உண்ட நாட்களில் அப்படி இருந்ததில்லை. இதற்குக் கேழ்வரகை மட்டும் காரணம் காட்டுவது சரியாகாது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நார்ச்சத்தும் தீட்டிய அரிசியைவிடப் பல மடங்கு உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி மாவுச்சத்துதான், அதுவும் நைசாக அரைத்து நன்கு வேகவைத்தது. சர்க்கரை நோயாளிகள் களியை அளவின்றி உண்ணலாம் என்று நம் ஊர்களில் பரவியிருக்கும் நம்பிக்கை ஆபத்தானது. இரண்டு பெரிய உருண்டைகள் உண்டால் இரத்தச் சர்க்கரை ஏறவே செய்யும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிந்துகொள்வது நல்லது. இக்கடையின் பலம் களியும் கொள்ளும் கீரையும் ஒன்றாக அமைந்த சேர்க்கையில் இருக்கிறது. 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கப்படுகிறது. அதை வாங்கி வீட்டில் களி கிண்டுவோரும் கூடவே ஒரு பயறும் ஒரு கீரையும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், இங்கே கிடைக்கும் அதே நிறைவு வீட்டிலும் கிடைக்கும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி ஒன்று நிற்கிறது. அதில் மாம்பழ பானங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மாங்கூழுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையில் இது வியப்பன்று. எனினும் களி உண்டபின் அதைக் குடிப்பது, கிடைத்த பயனைக் கையோடு திருப்பிக் கொடுப்பதாகும். சர்க்கரையைத் திரவமாகக் குடிக்கும்போது, அதே அளவு ஆற்றலைத் திட உணவாக உண்டால் வரும் நிறைவு வருவதில்லை. அதிலும் சர்க்கரையின் ஒரு பாதியான ஃபிரக்டோஸ், குளுக்கோஸைப் போல இன்சுலினை உயர்த்துவதில்லை, கிரெலினையும் அந்த அளவுக்குத் தாழ்த்துவதில்லை. மோர் இருக்கும் இடத்தில் இதற்குத் தேவையே இல்லை. மாம்பருவத்தில் ஒரு பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தால் அதை மனமார வரவேற்பேன்.

என் பெரிய ஆட்சேபம் கல்லாவின் மேல் இருக்கும் பொட்டலங்களைப் பற்றியது. யாரோ ஒரு விற்பனையாளர் விற்றுத் தரும்படி வைத்துச் சென்ற ஊட்டச்சத்து மாவு அது. அதற்காகச் சுவரில் ஒட்டிய தாளில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன: பசி ஹார்மோனான கிரெலினை நிறுத்தும், லெப்டினைப் பெருக்கும், ஒரே மாதத்தில் உடல் இளைக்கும். உழைத்துக் களைத்து வருபவர்களிடம் 600 ரூபாய்க்கு விற்கப்படும் பொருள் என்பதால் இதைச் சும்மா கடந்துசெல்ல எனக்கு மனம் வரவில்லை.

லெப்டினின் கதை தெரிந்தால் இரண்டாவது வாக்கியம் எவ்வளவு வெறுமையானது என்பது விளங்கும். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், அளவின்றி உண்டு பெருத்துப்போகும் பிறவிக் குறையுடைய எலிவகைகள் இருந்தன. அவற்றில் ஒரு வகையின் இரத்த ஓட்டத்தை மெலிந்த எலியின் இரத்த ஓட்டத்தோடு இணைத்துப் பார்த்த டக்ளஸ் கோல்மன், நிறைவை உணர்த்தும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது என்றும், ஒரு வகை எலியால் அதை உண்டாக்க முடியவில்லை, இன்னொரு வகையால் அதை உணர முடியவில்லை என்றும் 1970-களில் முடிவுக்கு வந்தார். அந்தப் பொருளுக்குரிய மரபணுவை 1994-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. அதுவே லெப்டின். அதைச் சுரப்பது நம் உடற்கொழுப்பு. கொழுப்பு இருப்பு எவ்வளவு என்பதை அது மூளைக்குத் தெரிவிக்கிறது; இருப்பு குறைந்தால் லெப்டினும் குறைந்து, பசி கூடுகிறது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத ஒரு சிறுமிக்கு அதை ஊசிவழி செலுத்தி, அவளுடைய அடங்காப் பசியையும் எடையையும் குறைத்ததைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்டார்கள். இத்தகையோர் மிக மிக அரியவர்கள். பருமனாக உள்ள பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிகொடுப்பதில்லை. அவர்களுக்கு இன்னும் லெப்டினைப் பெருக்கி என்ன பயன்? மேலும் லெப்டின் ஒரு புரதம். எந்த மாவில் எதைக் கலந்தாலும், வாய்வழி போகும் புரதம் செரித்துப் போகும்.

கிரெலினை நிறுத்தும் என்பதும் அதே தரத்தது. எதை உண்டாலும் கிரெலின் சற்று நேரம் தாழும். புரதம் மிகுந்த உணவுக்குப் பின் கூடுதல் நேரம் தாழ்ந்திருக்கும். அந்த வேலையை 70 ரூபாய்த் தட்டில் உள்ள கொள்ளே செய்கிறது. ஒரு மாத இளைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடுமையான உணவுக் குறைப்பால் எடை இழந்தவர்களை ஓராண்டு கழித்துப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு, அப்போதும் அவர்களுடைய கிரெலின் உயர்ந்தும், லெப்டினும் பெப்டைடு ஒய்ஒய்யும் தாழ்ந்தும் இருந்ததைக் காட்டியது. இழந்த எடையை மீட்டுத் தரவே உடல் முயன்றுகொண்டிருக்கிறது. எடை மீண்டும் ஏறியவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று ஏசுவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை, நம் வீடுகளிலும் திருமணப் பந்திகளிலும் இத்தகைய பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். மருந்து தேவைப்படுவோருக்கு இன்று மருந்துகளும் உள்ளன. உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டொரு நிமிடங்களில் பாதியாகச் சிதைந்துவிடும். அதைப் போலவே செயல்பட்டு, பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும்படி உருவாக்கப்பட்டதே செமாகுளுடைடு. இவை பக்கவிளைவுகளும் உடையவை; மருத்துவரின் சீட்டோடு, அவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டியவை. பொட்டலத்தில் வருபவை அல்ல.

கடைக்கு வருவோரில் பாதிப் பேர் லாரி ஓட்டுநர்கள். தொப்பூர் கணவாயை இரவில் கடந்து, விடியும் வரை கண் விழித்து ஓட்டிவிட்டு, மதியம் இங்கே இறங்கி மூன்று உருண்டை கேட்பவர்களை அவ்வப்போது பார்க்கலாம். உடலுழைப்பு ஒரு காரணம், தூக்கமின்மை இன்னொன்று. 2004-இல் சிகாகோவில், ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுச் சோதித்தபோது, நன்கு தூங்கிய நாட்களோடு ஒப்பிட, லெப்டின் 18 விழுக்காடு குறைந்தும் கிரெலின் 28 விழுக்காடு கூடியும் இருந்தன. இனிப்பும் மாவுப் பண்டமும் தின்ன வேண்டும் என்ற ஆசையும் கூடியது. பங்கேற்றவர்கள் பன்னிரண்டு பேரே என்பதால் இந்த எண்களை எல்லோருக்கும் அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் திசை தெளிவாக இருக்கிறது. கடையின் பின்புறம் புளியமர நிழலில் இரண்டு கயிற்றுக் கட்டில்கள் கிடக்கின்றன. உண்டவர்கள் ஒரு மணி நேரம் படுத்துச் செல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பசியைப் பற்றி யோசித்துப் போட்ட கட்டில்கள் அல்ல அவை. ஆனாலும் இந்தக் கடையில் பசிக்குச் செய்யப்படும் நல்ல காரியங்களில் அவற்றையும் நான் சேர்ப்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தட்டுகளை வெந்நீரில் கழுவுகிறார்கள். மோரில் உப்பு தூக்கலாக இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாமல் கேட்டால் தனியாகக் கொடுக்கிறார்கள். கீரை நாளுக்கு நாள் மாறுகிறது. முருங்கைக் கீரைக் கடைசல் கிடைக்கும் நாளில் போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கொள்ளுக் குழம்பைவிட மொச்சைக் குழம்பில் புளி சற்று அதிகம். பெண்கள் தனியே அமர்ந்து உண்ண வசதியான இடம் இல்லாதது ஒரு குறை. பார்சலும் தருகிறார்கள்; ஆனால் களி ஆறி இறுகிவிடுவதால் ஒரு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். பொட்டல மாவைப் பற்றி அந்த அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். வைத்துச் சென்றவர் அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த 600 ரூபாயை யாரும் கொடுக்க வேண்டாம். கொள்ளுக் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்குங்கள், அதற்கு அவர் காசு வாங்குவதில்லை.